வட்டெழுத்தும் கோண எழுத்தும்

(கொல்லங்கோட்டில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் இலக்கியம் பற்றி ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் எனக்குப் பணித்தார்கள். கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் என்னிலும் நன்கு பேச வல்லவர்கள் இவ்வவையிலே இருக்கின்றார்கள். ஆதலால் நான் நூல்களை விடுத்து, நூல்களுக்கு உடம்பாக அமைந்த எழுத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். அதிலும் நம் எழுத்தைப் பற்றி மட்டும் அன்று. நம் எழுத்தோடு ஒரே செப்பேட்டில் அருகருகே அமர்ந்த ஓர் அயல் எழுத்தைப் பற்றி. 'அரபு எழுத்துக்கும் தமிழ்ச் சங்கத்திற்கும் என்ன உறவு?' என்று நண்பர் ஒருவர் நேற்று மாலை என்னைக் கேட்டார். அவருக்கு நான் விடை கூறவில்லை. 'நாளை வந்து கேளுங்கள்' என்றேன். அவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஆகவே நான் தப்ப வழியில்லை.

நம் ஊரின் பெயரிலேயே தொடங்குகிறேன். கொல்லர் வாழ்ந்த ஊர் ஆதலால் கொல்லங்கோடு என்று பெயர் வந்தது என்று முதியோர் சொல்வதுண்டு. அது மெய்யாயின், உளியும் சுத்தியும் பிடித்த கைகளின் பெயரைத் தாங்கிய ஊரிலே நாம் வாழ்கின்றோம். ஓலையில் எழுதியது பூச்சிக்கு இரையாகும். தாளில் எழுதியது ஈரத்திற்கு இரையாகும். உலோகத்திலும் கல்லிலும் உளிகொண்டு வெட்டியதே ஆயிரம் ஆண்டுகள் நிற்கும். நான் கூறப்போகும் செப்பேடு அவ்வாறு நின்ற ஒன்று. அது நம் கொல்லங்கோட்டில் கிடைத்ததன்று. தெற்கே கடற்கரையில் உள்ள கொல்லத்தில் எழுந்தது. கொல்லம் வேறு, கொல்லங்கோடு வேறு. இதனை இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் தபால் மாறிப் போன அனுபவம் நம்மில் பலர்க்கும் உண்டு.

கி.பி. 849 ஆம் ஆண்டு. சேரப் பெருமாள் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், குரக்கேணிக் கொல்லத்தில் மருவான் சபீர் ஈசோ என்னும் கிறித்தவப் பெரியார் எடுப்பித்த தரிசாப்பள்ளி என்னும் கோவிலுக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் வழங்கினார். ஈழவரும் வண்ணாரும் தச்சரும் இன்ன பிறரும் அப்பள்ளிக்கு உரியவராயினர். அவர்கள்மேல் விதிக்கப்பட்டிருந்த பல வரிகள் நீக்கப்பெற்றன. நிறைகோலும் அளவுமரக்காலும் பள்ளியின் பொறுப்பில் விடப்பட்டன. எழுபத்திரண்டு விடுபேறுகள் என்று அச்செப்பேடு கூறுகின்றது. அறுநூற்றுவர் என்னும் அவையும், அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களும் இந்த அறத்தைக் காத்து நிற்க வேண்டியவர்கள். அரசன் ஓர் இந்து. பெற்றது ஒரு கிறித்தவப் பள்ளி. காவலர் கடல்வழி வந்த வணிகர். ஒன்பதாம் நூற்றாண்டில் மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்று எவ்வாறு இருந்தது என்பதற்கு இதனினும் நல்ல ஓவியம் வேறு இல்லை.

இச்செப்பேடு வட்டெழுத்திலே எழுதப்பட்டது. அதன் மொழியைப் பழைய மலையாளம் என்பாரும் உளர். மேலைக் கரைத் தமிழ் என்பாரும் உளர். அந்த வழக்கை இம்மேடையில் நான் தீர்க்கப் போவதில்லை. காலையில் தமிழ்ப் பத்திரிகையும் மாலையில் மலையாளப் பத்திரிகையும் படிக்கும் நம்மைப் போன்ற எல்லைப்புற மக்களுக்கு அந்த வழக்கு அவ்வளவு அவசரமானதும் அன்று. து. அ. கோபிநாத ராவ் முதலிய அறிஞர்கள் இதனைப் படித்துத் திருவாங்கூர்த் தொல்லியல் வரிசையில் வெளியிட்டனர். பின்னர் 2013 இல் இராகவ வாரியரும் கேசவன் வெளுத்தாட்டும் மீண்டும் ஏடுகளைப் பரிசீலித்து ஒரு நூலே எழுதினர். ஏடுகளுள் சில கோட்டயத்திலும் சில திருவல்லாவிலும் கிறித்தவத் திருச்சபையாரிடம் உள்ளன. ஒவ்வொரு ஏடும் ஏறக்குறைய ஒரு சாண் நீளமும் நான்கு விரல் அகலமும் உடையது.

இனி, நான் சொல்ல வந்த செய்தி. அச்செப்பேட்டின் முடிவிலே சாட்சிகள் கையொப்பம் இருக்கின்றது. இருபத்தைந்து பேர். அவர்கள் வட்டெழுத்தில் ஒப்பமிடவில்லை. பதினொருவர் அரபு மொழியில், கூஃபி என்னும் கோண எழுத்தில் ஒப்பமிட்டனர். பதின்மர் பாரசீகத்தைப் பஹ்லவி எழுத்தில் எழுதினர். நால்வர் அதே பாரசீகத்தை எபிரேய எழுத்தில் எழுதினர். அரபியில் எழுதியவருள் முதல்வர் இப்ராஹீமின் மகன் மைமூன். ஈசாவின் மகன் மன்சூர், யாக்கூபின் மகன் இஸ்மாயில் என்ற பெயர்களும் அங்குக் காணப்படுகின்றன. முஸ்லிம்களும் யூதர்களும் பார்சிகளும் ஒரு கிறித்தவக் கோவிலின் நிலத்திற்குச் சாட்சி நின்றார்கள். அவரவர்க்குத் தெரிந்த எழுத்தில் அவரவர் பெயரைப் பொறித்தார்கள். எவரும் எவரையும், 'உன் எழுத்தை மாற்றிக்கொள்' என்று கூறவில்லை.

அச்செப்பேட்டின் படத்தை நீங்கள் பார்க்க நேர்ந்தால் ஒன்றைக் காண்பீர்கள். நம் எழுத்து உருண்டையாக, கொடிபோல் வளைந்து வளைந்து செல்லும். கூஃபி எழுத்து அதற்கு நேர்மாறு. படுத்த கோடு, நின்ற கோடு, கூரிய மூலை. ஒன்று வட்டம், மற்றொன்று கோணம். இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன என்று கேட்டால், எழுதிய மனிதரின் உள்ளத்தைக் காட்டிலும் எழுதிய பொருளே பெரிதும் காரணம் என்று நான் கருதுகிறேன். ஓலையிலே எழுத்தாணிகொண்டு நரம்பின் போக்கில் நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும். ஆதலின் தென்னாட்டு எழுத்துகள் வளைந்தன என்பர். அரபு நாட்டில் பனையோலை இல்லை. பதப்படுத்திய ஆட்டுத்தோல் உண்டு, நாணற்பேனா உண்டு. தோலின்மேல் நாணலை அழுத்திக் கிடைக்கோடு இழுத்தால் அது தடித்து, நீண்டு, பளிச்சென்று விழும். தோல் பிளக்காது. அந்தக் கோடே கூஃபியின் உயிர்.

ஈராக்கில், கி.பி. 638 அளவில், அரபுப் படையினர் அமைத்த பாசறை நகரம் கூஃபா. அந்நகரின் பெயரால் இவ்வெழுத்துக்குக் கூஃபி என்று பெயர் வந்தது. ஆனால் கூஃபாவில் மட்டும் அது வழங்கியதாக எண்ணலாகாது. அரபு எழுத்தின் ஆராய்ச்சியாளர் இப்பெயரைத் தளர்வான பெயராகவே கொள்கின்றனர். தோல் ஏடுகளில் காணும் வடிவங்களை 'தொடக்க அப்பாசிய எழுத்துகள்' என்றே சிலர் வகுக்கின்றனர். நம் ஊரில் 'காஞ்சிப் பட்டு' என்று விற்கும் பட்டு எல்லாம் காஞ்சியில் நெய்ததா? அதுபோலக் கொள்க.

திருக்குர்ஆனின் மிகப் பழைய ஏடுகள் சற்றுச் சாய்ந்த ஹிஜாஸி எழுத்தில் உள்ளன. எட்டு, ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் கோண எழுத்து ஓங்கியது. அக்காலத்து ஏடுகள் நம் ஓலைச் சுவடிபோல் உயரம் குறைந்து அகலம் மிகுந்தவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே இருக்கும். எழுதுவோர் தோலைச் சிக்கனம் பிடிக்கவில்லை. ஒரு சொல்லின் நடுவே உள்ள எழுத்தை, வரி நிறையும் வரையில் இரப்பர்போல் இழுத்து நீட்டுவர். வரி முடிந்தால் சொல்லை இரண்டாக முறித்து அடுத்த வரியில் தொடர்வர். சொல்லுக்குச் சொல் இடைவெளி என்ற எண்ணமும் பெரிதாக இல்லை. இதைக் கேட்டு நகைக்க வேண்டாம். நம் கோவிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளும் அவ்வாறே. சொற்களுக்கிடையில் வெளி இராது. கல் முடிந்த இடத்தில் சொல் முறியும். மீதி அடுத்த வரியில் இருக்கும். படிக்கிறவனுக்கு மொழி தெரியும் என்று நம்பி எழுதிய எழுத்துகள் இரண்டும்.

தூனிசியாவில் பெரும்பகுதி காக்கப்படும் 'நீலக் குர்ஆன்' என்ற ஏட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லிச் செல்கிறேன். அவுரி நீலம் ஊட்டிய தோலின்மேல் பொன் எழுத்து, பக்கத்திற்குப் பதினைந்து வரி, கூஃபி. இரவு வானத்தில் மின்னல் கோடுகள் நின்றுவிட்டாற்போல் இருக்கும். நான் கண்டது படமே. படமே என்னை அரை நாள் வேலை செய்யவிடவில்லை.

இனி, புள்ளியைப் பற்றிக் கூற வேண்டும்; இங்கேதான் தமிழனுக்கு இவ்வெழுத்தில் பெருஞ்சுவை உண்டு. அரபு எழுத்தில் பல ஒலிகளுக்கு உருவம் ஒன்றே. மேலும் கீழும் இடும் புள்ளிகளால் வேற்றுமை அறிகிறோம். சொல்லின் முதலில் ஒரு சிறிய பல் போன்ற கோடு நிற்கும். அதன் கீழே ஒரு புள்ளி இட்டால் 'ப' போன்ற ஒலி. மேலே இரண்டு இட்டால் 'த'. மேலே ஒன்று இட்டால் 'ந'. கீழே இரண்டு இட்டால் 'ய'. பழைய கூஃபி ஏடுகளிலும் கல்லிலும் இப்புள்ளிகளைப் பெரும்பாலும் இடுவதில்லை. அப்படிப் புள்ளியில்லாத எழுத்தில் ஒருவன் தமிழை எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். 'தாய்' என்று எழுதுவான். அதையே ஒருவன் 'நாய்' என்று படிப்பான். மற்றொருவன் 'பாய்' என்பான். சங்க நூல் கற்ற புலவர் ஒருவர் இருப்பின், 'யாய்' என்று படித்து, 'எப்படியும் தாய்தானே!' என்று மகிழ்வார்.

(அவையினர் சிரிப்பு.)

ஆனால் நாம் மிகவும் சிரிக்கலாகாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருக்கவும், ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்று அஞ்சியோ, பழக்கத்தாலோ, நம் முன்னோர் புள்ளியின்றியே எழுதி வந்தனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலவே இருந்தன. அவற்றை வேறுபடுத்தி வரி வடிவம் தந்தவர் இத்தாலியிலிருந்து வந்து தமிழராகவே ஆகிவிட்ட வீரமாமுனிவர். அவர் 1747 இல் மறைந்தார். அரபியிலோ, உயிரொலிகளைக் காட்டச் சிவப்புப் புள்ளிகள் இடும் முறையை ஏழாம் நூற்றாண்டினரான அபுல் அஸ்வத் அத்துஅலி என்பவர் வகுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. கருமை மையில் எழுத்து, செம்மையில் புள்ளி. எழுத்து முன்னோருடையது, புள்ளி பின்னோருடையது என்று கண்ணுக்கே தெரியும்படி இரண்டு நிறம். இது எவ்வளவு நேர்மையான முறை என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

ஏட்டிலிருந்து சுவருக்கு வருவோம். எருசலேமில் உள்ள பாறைக் குவிமாடத்தின் உள்ளே, ஹிஜ்ரி 72 இல், அதாவது கி.பி. 691-92 இல், கலீபா அப்துல் மலிக் பதிக்கச் செய்த எழுத்து, வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆனது. ஏறக்குறைய 240 மீட்டர் நீளம். அதே கலீபா சில ஆண்டுகளில் நாணயங்களிலிருந்து உருவங்களை அகற்றி எழுத்தை மட்டும் நிறுத்தினார். அன்று முதல் அந்த நாகரிகத்தில் எழுத்தே ஓவியமாகவும் சிற்பமாகவும் ஆகத் தொடங்கியது. அந்நாணயம் எங்கெங்குச் சென்றது தெரியுமா? இங்கிலாந்தில் ஆஃபா என்ற அரசன், ஹிஜ்ரி 157 ஆம் ஆண்டிட்ட அப்பாசியத் தினாரைப் பார்த்து அப்படியே பொன் நாணயம் அடித்தான். அதில் உள்ளது இஸ்லாமியக் கலிமா என்பதை அறியாமலே அடித்தான். நடுவே தன் பெயரை இலத்தீனில் வைத்தான். அதுவும் அரபு எழுத்துக்குத் தலைகீழாக. அந்நாணயம் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றது. படிக்கத் தெரியாத எழுத்தைப் பார்த்து எழுதுவோர் எல்லா நாட்டிலும் உண்டு.

பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் செங்கல்லே எழுத்தாயிற்று. ஈரானில் கும்பத்-இ-காபூஸ் என்னும் கோபுரக் கல்லறை 1006-07 இல் எழுந்தது. எவ்வித அலங்காரமும் இல்லாத நெடிய செங்கற்கோபுரம். அதன் இடுப்பிலும் கழுத்திலும் மட்டும் கூஃபி எழுத்து. அவ்வளவுதான். அதைப் போன்ற அடக்கம் பின்னால் வந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. எழுத்தின் நுனியில் இலை முளைத்தது. பின்னர் பூ மலர்ந்தது. பின்னர் நின்ற கோடுகள் இரண்டும் ஒன்றையொன்று பின்னிச் சடைபோல் முறுக்கிக்கொண்டன. பின்னிய கூஃபியைப் படிக்க அறிஞர்களே திணறுவர். படிக்க முடியாத அழகு அழகாகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கலை வல்லார் என்னை மன்னிப்பார்களாக.

சதுரக் கூஃபி என்ற ஒன்று உண்டு. அதனை நான் மிகவும் விரும்புகிறேன். வளைவே இல்லை, எல்லாம் சதுரக் கட்டங்கள். மெருகிட்ட நீலச் செங்கல்லையும் மெருகில்லாச் செங்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கினால், கொத்தனார் கையிலே திருப்பெயர்கள் சுவரில் எழும்பும். முகம்மது என்னும் பெயரை நான்கு திசைக்கும் நான்கு முறை சுழற்றி ஒரே சதுரத்தில் அடக்குவர். சமர்க்கந்திலும் இஸ்பகானிலும் இவ்வேலை மிகுதி. தமிழ்ப் பெண்மணி ஒருத்திக்கு அதைக் காட்டினால் அவள் வியக்கமாட்டாள். 'இது கோலந்தானே, புள்ளி எத்தனை?' என்று கேட்பாள். மார்கழி விடியலில் நம் தெருவில் மாக்கோலம் இடும் கையும், சமர்க்கந்தில் செங்கல் அடுக்கிய கையும் ஒரே கணக்கைத்தான் போட்டன. வேற்றுமை என்னவெனில், நம் வீட்டுக் கோலத்தைப் பத்து மணிக்குள் சைக்கிள் சக்கரம் அழித்துவிடும்.

இந்தியாவில் கூஃபியைக் காண வேண்டுமானால் கட்சுக் கடற்கரையில் பத்ரேசுவரத்திற்குச் செல்ல வேண்டும். அங்குள்ள இப்ராஹீம் அடக்கத்தலத்தில் 1159-60 ஆம் ஆண்டைச் சார்ந்த கூஃபிக் கல்வெட்டு உள்ளது. டில்லி சுல்தான்கள் ஆளத் தொடங்குவதற்கு முன்னரே கடல் வாணிகர் அமைத்தது அது. டில்லியில் 1236 இல் மறைந்த இல்துத்மிஷின் கல்லறையின் உட்சுவர்களிலும், அஜ்மீரில் 'இரண்டரை நாள் குடில்' எனப்படும் பள்ளிவாசலின் முகப்பிலும் கூஃபி உண்டு. அதன் பின்னர் வட்ட வடிவான நஸ்க் முதலிய எழுத்துகளே ஓங்கின. கோழிக்கோட்டில் குற்றிச்சிறையருகே உள்ள முச்சுந்திப் பள்ளியில், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் ஒரு பகுதி அரபும் ஒரு பகுதி வட்டெழுத்தும் காணப்படுகின்றன. இங்கும் அவ்விரண்டு எழுத்தும் ஒரே கல்லில் குடியிருக்கின்றன. பாலக்காட்டிலிருந்து கோழிக்கோடு செல்வோர் அல்வா வாங்கும் நேரத்தில் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கலாம்.

கோண எழுத்து ஏன் ஏட்டை விட்டுப் போயிற்று? எழுதும் தொழில் பெருகியது, தாள் வந்தது, விரைந்து எழுத வேண்டியிருந்தது. பாக்தாதில் மூன்று கலீபாக்களிடம் அமைச்சராயிருந்த இப்னு முக்லா என்பவர், நாணற்பேனா முனையால் விழும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை புள்ளி உயரம், எத்தனை புள்ளி வளைவு என்று இலக்கணம் வகுத்தார். வளைந்த எழுத்துக்கு அவர் ஆசான். அரசியற் சூழ்ச்சியில் அவருடைய வலக்கையை வெட்டிவிட்டனர். வெட்டுண்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். 940 இல் சிறையிலேயே இறந்தார். அவர் வகுத்த எழுத்தே ஏடுகளை வென்றது. கூஃபி தலைப்புகளுக்கும் சுவர்களுக்கும் ஒதுங்கியது. நம் வட்டெழுத்தும் அவ்வாறே ஒதுங்கியது. பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சி வந்தபின் மறைந்தது, மலைநாட்டில் மட்டும் நெடுங்காலம் தங்கியது. கூஃபி முற்றும் சாகவில்லை. ஈரான் நாட்டுக் கொடியைப் பாருங்கள். பச்சையும் சிவப்பும் வெள்ளையைத் தொடும் ஓரங்களில் இருபத்திரண்டு முறை கூஃபிச் சாயலில் இறைவன் பெயர் உண்டு. ஈராக்கின் கொடி நடுவிலும் கூஃபிதான்.

அன்பர்களே, இதுவரை நான் கூறியவை படித்த செய்திகள். இனிக் கூறுவது என் வாழ்க்கையில் நிகழ்ந்தது. இதற்காகவே இப்பொருளை எடுத்தேன்.

என் பாட்டனார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இவ்வூர்ச் சந்தைக்குத் துணி விற்க வந்து, இங்கேயே தங்கியவர். எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இராவுத்தர் குடும்பம். பாலக்காட்டு நாட்டு இராவுத்தர்கள் வீட்டில் தமிழ் பேசுவோர் என்பது நீங்கள் அறிந்ததே. அவ்வீட்டு மூதாட்டியாரை நாங்கள் எல்லோரும் 'நன்னியம்மா' என்றே அழைப்போம். அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆனால் மாலையில் திண்ணையில் அமர்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் வலமிருந்து இடமாக ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். 'என்ன எழுதுகிறீர்கள்?' என்று கேட்டால், 'உன் குறும்புகளை எழுதி வைக்கிறேன், உன் அப்பா வந்தால் படித்துக் காட்டுவேன்' என்பார். நான் அஞ்சி ஓடிவிடுவேன்.

அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, அவர் பேரர் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய ஓலைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பவன் என்று எனக்கு ஒரு சிறு பெயர் உண்டு. 'அண்ணா, இதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இது ஒன்றுதான் மிஞ்சியது' என்றார். எழுத்து அரபு. எனக்குத் தெரியாது. மதரசாவில் ஓதிக் கொடுக்கும் ஆசிரியர் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் மலையாளி, அரபு நன்கு கற்றவர். ஒரு பக்கம் புரட்டினார், இரண்டு பக்கம் புரட்டினார், நெற்றியைச் சுருக்கினார். 'எழுத்து எங்களுடையது, சொல் எங்களுடையது அல்ல. ஒன்றும் விளங்கவில்லை' என்று புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

எனக்கு என்ன தோன்றிற்றோ, 'பொருள் வேண்டாம், உஸ்தாத். ஒலியை மட்டும் உரக்கப் படியுங்கள்' என்று வேண்டினேன். அவர் தட்டுத் தடுமாறி ஒலித்தார். மூன்றாவது சொல்லில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது தமிழ். சீரகமும் சுக்கும் எவ்வளவு, எத்தனை நாள் என்று குழந்தைக்கு மாந்தம் தீர ஒரு கைமருந்து. அரபுத் தமிழ் என்று நான் நூல்களில் படித்திருந்தேன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெரியோர்கள் அதில் நூல்கள் இயற்றியதையும், கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் 1898 இல் மறைந்ததையும், ட, ண, ள, ழ முதலிய தமிழொலிகளுக்காக அரபு எழுத்திலேயே புதுக் குறிகள் சேர்த்ததையும் அறிந்திருந்தேன். ஆனால் என் தெருத் திண்ணையில் அது எழுதப்பட்டதை நான் கண்ணால் கண்டும் அறியவில்லை.

அன்று முதல் ஆறு வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் அமர்ந்தோம். அவருக்கு எழுத்துத் தெரியும், மொழி தெரியாது. எனக்கு மொழி தெரியும், எழுத்துத் தெரியாது. அவர் நாவால் படித்தார். நான் செவியால் படித்தேன். நெற்கணக்கு, பிள்ளைகள் பிறந்த நாள், மாடு ஈன்ற நாள், ஒரு தாலாட்டு, காயத்திரிப்புழை கரைபுரண்ட ஓர் ஆண்டைப் பற்றி நான்கு வரி. நான்காம் வெள்ளிக்கிழமை ஓரிடத்தில் ஆசிரியர் ஒலித்தது இது: 'துணிக்கடை வீட்டிற்கு ஐந்து பறை நெல். மகள் கல்யாணம். கேட்க வேண்டாம்.' துணிக்கடை வீடு எங்கள் வீடு. கல்யாணம் என் அக்காள் கல்யாணம். என் தந்தையார் இதனை எங்களுக்குச் சொல்லவே இல்லை.

நான் ஐந்து பறை நெல்லை அவ்வீட்டிற்கு அனுப்பினேன். மறுநாளே அது திரும்பி வந்தது. 'கேட்க வேண்டாம் என்று நன்னியம்மா எழுதியிருக்க, நாங்கள் எப்படி வாங்குவது?' என்று பேரர் கூறியனுப்பினார். அந்நெல் சென்ற ஆண்டு நம் சங்கப் பொங்கலில் வெந்தது. உங்களில் பலரும் உண்டீர்கள்.

மற்ற நோட்டுப் புத்தகங்கள் என்னவாயின என்று நான் அவரைக் கேட்டேன். பதினேழோ பதினெட்டோ இருந்தனவாம். எவராலும் படிக்க முடியவில்லை. அரபு எழுத்தாயிருத்தலின் திருமறைப் பகுதிகளாயிருக்கும் என்று வீட்டார் கருதினர். அத்தகைய தாள்களைக் குப்பையில் இடுவது அவர்கள் வழக்கமன்று. தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் புதைப்பர். அவ்வாறே புதைத்துவிட்டனர். எவரும் அலட்சியம் செய்யவில்லை. மரியாதை செய்தே இழந்தோம். கைமருந்துகளும் தாலாட்டுகளும், இன்னும் எத்தனை வீட்டிற்கு எழுதிய 'கேட்க வேண்டாம்'களும் மண்ணுக்குள் போயின.

முதல் வரிசையில் இருக்கும் நண்பர் கேட்ட கேள்விக்கு இதுவே என் விடை. இனி ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பெட்டியில், அரிசிப் பானைக்கு அடியில் எந்த எழுத்தில் எழுதிய பழந்தாள் கிடைப்பினும் கொண்டு வாருங்கள். அரபாயினும், கிரந்தமாயினும், வட்டெழுத்தாயினும், கோலெழுத்தாயினும் சரி. மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலையில் நம் சங்க அறையில் அமர்வோம். மதரசா ஆசிரியரும் வருவதாக ஒப்பியுள்ளார். அவருக்கு இப்பொழுது தமிழ் பாதி விளங்குகின்றது. எனக்கும் அலிபும் லாமும் பிடிபட்டுவிட்டன. முதியவர்கள் வந்து செவி கொடுத்தால் போதும். கண் தெரியாவிட்டாலும் குறையில்லை. புதைக்கப் போகிறவர்கள் புதைக்குமுன் ஒரு நாள் எங்களிடம் கொடுங்கள். படித்த பின்னர் அதே மரியாதையோடு நாங்களே உடனிருந்து புதைத்துத் தருவோம்.

நன்னியம்மாவின் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இன்னும் முடியவில்லை. ஈரம் பட்டுப் புள்ளிகள் மறைந்துவிட்டன. கூஃபிபோல் வெறும் பல்லும் கோடும் நிற்கின்றன. 'மூன்று' என்று ஒரு சொல். 'பாக்கி' என்று ஒரு சொல். நடுவில் உள்ளது 'நாள்' என்கிறார் ஆசிரியர். 'தாள்' என்று நான் கூறுகிறேன். அவர் பேரர், வீட்டில் மாடு இருந்தது, ஆகவே 'பால்' என்கிறார். வரும் ஞாயிறு அதிலிருந்துதான் தொடங்குவோம்.